மூணாவது மாடியின் முப்பத்தாறு படங்கள்

மட்டமான கேமராக்கள் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தேழு வருஷமாக ஒரே போட்டோ லேபில் பிலிம் கழுவி அச்சுப் போடுகிறேன். நடுவில் சில வருஷம் பிலிம் என்ற சொல்லையே ஊர் மறந்துவிட்டது. மெஷினுக்குத் துணி போர்த்தி மூடிவைத்துவிட்டு, அடையாள அட்டைப் படம் எடுத்துக் காலம் தள்ளினோம். அப்புறம் எங்கிருந்தோ இந்தப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்து சேர்ந்தன. இளஞ்சிவப்பில் ஒன்று, புல் பச்சையில் ஒன்று. லென்ஸே பிளாஸ்டிக். தூரம் வைக்க முடியாது, வெளிச்சம் அளக்க முடியாது. ஒரு பட்டன், கட்டைவிரலால் சுற்ற ஒரு பல்சக்கரம், ஒற்றை பேட்டரியில் முனகும் ஒரு ஃப்ளாஷ், அவ்வளவுதான். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டால்கூட இதைவிட ஒழுங்காக எடுக்கும்.

இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்லூரிப் பிள்ளைகளும் கம்பெனிப் பிள்ளைகளும் படையெடுத்து வருகிறார்கள். ரோலைக் கழுவிப் பார்த்தால் பாதிப் படத்தில் அவர்களுடைய விரல். மீதியில் தலை இல்லாத நண்பன், சாப்பிட்டு முடித்த தட்டு, யாருடையது என்று தெரியாத முழங்கால், காரணமே இல்லாமல் ஒரு மின்விசிறி. "எப்படி வரும்னு தெரியாதுல்ல அங்கிள், அதான் ஜாலியே" என்றாள் ஒருத்தி. "ஒண்ணும் செட் பண்ண வேணாம். அமுக்கிட்டு மறந்துடலாம்" என்றான் இன்னொருவன். எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். கேவலமாக வரும். அந்தக் கேவலத்தை நாளெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறவன் நான்தான். அவர்கள் மறந்துவிடுகிறார்கள், எனக்குத்தான் ராத்திரி சோறு இறங்குவதில்லை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. கழுவிய பிலிமை அச்சு மெஷினில் விட்டால் ஒவ்வொரு படமாகத் திரையில் வந்து நிற்கும். எத்தனை பிரதி வேண்டும் என்று ஆபரேட்டர் எண்ணை அழுத்த வேண்டும். படம் நன்றாக இருந்தால் ஒன்று. ஆடியது, கறுத்தது, கண் மூடியது, பார்க்கச் சகிக்காதது எல்லாவற்றுக்கும் சைபர். சைபர் போட்ட படத்துக்குப் பேப்பரும் கிடையாது, காசும் கிடையாது. வாடிக்கையாளர் உறையைத் திறந்தால் நல்லது மட்டும் இருக்கும், மனிதர் சந்தோஷமாகப் போவார். எத்தனையோ கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் மாமா மூக்கைக் குடைந்துகொண்டிருந்த படத்தை யாருமே பார்த்ததில்லை என்றால் அதற்கு என் விரல்தான் காரணம். இதைத் தொழில் நாகரிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாகவும் இருந்தது.

அந்த அம்மா எங்கள் கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு, முழங்கை வரை வெளுத்துச் சுருங்கிய தோல். பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று பிரித்து, கடைசியில் ஒரு கறுப்பு டப்பா கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார். இருப்பதிலேயே மட்டமான ஜாதி. நடைபாதைக் கடையில் குடைக்கும் டார்ச்சுக்கும் நடுவே கொட்டிவைத்து விற்கிறார்களே, அது.

"முப்பத்தாறும் முடிஞ்சுபோச்சுண்ணே. எல்லாத்தையும் போட்டுக் குடுங்க. வியாழக்கிழமைக்குள்ள வேணும்."

"பேரு?"

"மூணாவது மாடின்னு எழுதிக்குங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எதிர்ல கண்ணாடி பில்டிங் இருக்குல்ல, அங்க மூணாவது மாடியில பாத்ரூம் கழுவுறேன். கேட்ல கேட்டாக்கூட என் பேரு யாருக்கும் தெரியாது. மூணாவது மாடின்னாதான் தெரியும்."

எழுதிக்கொண்டேன். பிலிம் வேண்டுமா, படம் மட்டும் போதுமா என்று கேட்டேன். இப்போது வருகிறவர்கள் யாரும் பிலிமைக் கேட்பதில்லை, அது எங்கள் பெட்டியில் மூன்று மாதம் கிடந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். "படம் போதும்ணே, அந்த நாடாவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண" என்றார்.

அவரைப் பற்றி இனி நான் சொல்வதெல்லாம் பிற்பாடு, அவர் வாயாலேயே துண்டு துண்டாகக் கேட்டது. பதினாறு வயதில் ஒரு சினிமா கொட்டகையில் துடைப்பம் பிடித்தவர். இடைவேளை முடிந்து கூட்டம் உள்ளே போனதும் ஓடிப்போய்க் கழுவ வேண்டும், அடுத்த இடைவேளைக்குள் மூக்கு சரியாக வேண்டும். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம். "ஆஸ்பத்திரி பரவாயில்லண்ணே. நோயாளி முடியாம பண்றான். அதுல அருவருப்பு ஒண்ணுமில்ல" என்பார். கண்ணாடிக் கட்டடத்தில் பதினோரு வருஷம். வீட்டுக்காரர் பட்டறையில் வெல்டர், கண் சரியில்லாமல் இப்போது பாதி நாள்தான் வேலை. ஒரே மகள். மகளைக் கட்டிய மாப்பிள்ளை தன் உறவுக்காரர்களிடம், "அத்தை ஆபீஸ்ல அட்மின் டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவைத்திருக்கிறான். விசேஷ வீடுகளில் யாராவது அட்மினில் என்ன வேலை என்று கேட்டால் இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மாப்பிள்ளையின் அந்தப் பொய்யை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்கு அப்படி இல்லை. "அவனுக்கு வெக்கமா இருக்கு, பாவம்" என்று விட்டுவிடுவார்.

மூணாவது மாடியில் ஒரு கம்பெனி. நூற்றிருபது பேர் வேலை செய்கிறார்கள். எல்லாரும் பட்டம் வாங்கியவர்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்கள். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை கழிப்பறைகளைக் கழுவ வேண்டும். அந்த மாடியின் சாப்பாட்டு அறையில் அவர் உட்காரக் கூடாது, வாடை வருகிறதாம். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வாடை யாருடைய வாடை என்று அந்த நூற்றிருபது பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் சூப்பர்வைசரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு ஆள் போடுங்க சார், என்னால முடியல. மாடுகூட இப்படிப் பண்ணாது" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சூப்பர்வைசர் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதை அப்படியே கொண்டுபோய்க் கம்பெனி மேனேஜரிடம் ஒப்பித்துவிட்டான். மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊழியர்களை மாடு என்கிறாளா, எங்கள் ஆட்கள் படித்தவர்கள், அவள் ஒழுங்காகக் கழுவாமல் சேர்த்துவைத்துவிட்டு எங்கள்மேல் பழி போடுகிறாள் என்று கடிதம் எழுதிவிட்டார். விசாரணை வைத்தார்கள். சொன்னதை நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும். இரண்டு வாரம் தவணை.

அதற்காகத்தான் கேமரா. போனில் எடுத்திருக்கலாமே என்று நானும் கேட்டேன். கழுவுகிறவர்களின் போனைக் காலையில் கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம், மேலே போகிறவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லையாம். இந்தப் பிளாஸ்டிக் டப்பாவை வாட்ச்மேன் பொம்மை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டிருக்கிறான். அது மட்டும் காரணம் இல்லை.

"கையில உறை போட்டுக்கிட்டே அமுக்கலாம்ணே. ஈரக் கையில புடிக்கலாம். கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. அப்புறம், போன்ல எடுத்தா எடுத்ததைத் திருப்பிக் காட்டும். பேத்தி போட்டோவுக்குப் பக்கத்துலயே அந்த அசிங்கமும் கெடக்கும். இது ஒண்ணுதான் எடுத்துட்டு வாயை மூடிக்கும். எனக்கு அதை ஒருதடவைக்கு மேல பார்க்க வேணாம்."

கேமரா டப்பாவின்மேல் படம் போட்டிருந்ததாம், ஓர் எட்டு தள்ளி நிற்கவும் என்று. அதனால் தினமும் வாசற்படிக் கல்லில், ஒரே இடத்தில் நின்றுதான் எடுத்தார். காலையில் கழுவும் முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று. மத்தியானமும் அதேபோல் இரண்டு. ஒன்பது நாள், முப்பத்தாறு படம். கணக்குப் போட்டு எடுக்கவில்லை, சரியாக அமைந்துவிட்டது.

இதில் எதுவும் தெரியாமல்தான் நான் புதன்கிழமை அந்த ரோலைக் கழுவி மெஷினில் விட்டேன். முதல் படம் திரையில் வந்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். அடைத்துக்கொண்டு விளிம்புவரை நிறைந்த கழிப்பறைக் கோப்பை, தரையில் வழிந்து காய்ந்த மஞ்சள், அதன்மேல் ஷூ தடம். அந்த மட்டமான ஃப்ளாஷ் எல்லாவற்றையும் முகத்தில் அறைகிற மாதிரி காட்டியது. அடுத்த படம், அதே இடம், பளிச்சென்று. மூன்றாவதில் கை கழுவும் தொட்டியில் யாரோ கொட்டிய மீதச் சாப்பாடு, வாயிலிருந்து துப்பிய எலும்பு. ஐந்தாவதில் சுவரில் விரலால் இழுத்துத் துடைத்த கோடு. எதைத் துடைத்தது என்று நான் எழுதப்போவதில்லை. ஏழாவதில் குப்பைக்கூடை பக்கத்திலேயே இருக்க, தரையில் எறிந்துவிட்டுப் போன பஞ்சும் ரத்தமும். இதை எடுத்த மனுஷிமேல்தான் கோபம் வந்தது, செய்தவர்கள்மேல் வரவில்லை. அதை இப்போது எழுதும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

விரல் தானாகப் போனது. சைபர், ஒன்று, சைபர், ஒன்று. பதினெட்டு அசிங்கத்தையும் விட்டுவிட்டுப் பதினெட்டு சுத்தமான படத்தை அச்சடித்தேன். ஏழைப் பொம்பளை, பாதிக் காசு மிச்சமாகட்டும் என்றுகூட நினைத்தேன். அச்சு முடிந்ததும் அந்தப் பிலிமைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டு டிரம்மில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிலிமில் எந்த அழுக்கும் ஒட்டியிருக்கவில்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

வியாழக்கிழமை வந்து கேமராவையும் உறையையும் வாங்கினார். திறந்து பார்க்கவில்லை. "நல்லா விழுந்திருக்காண்ணே?" என்று மட்டும் கேட்டார். "ரொம்ப நல்லா விழுந்திருக்கு" என்றேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், ஆட்களைக் கவனிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி, ஓரமாகச் சூப்பர்வைசர். இந்த அம்மா நின்றுகொண்டிருக்கிறார், நாற்காலி போடவில்லை. உறையை நீட்டியிருக்கிறார். பெண் அதிகாரி படங்களை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினாராம். வெள்ளை ஓடு, பளபளக்கும் குழாய், துடைத்த கண்ணாடி.

"ரொம்ப சுத்தமா இருக்கே!"

மேனேஜர் ஒரு படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். "எங்க ஸ்டாஃப் எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்கன்னு நீங்களே சாட்சி கொண்டுவந்துட்டீங்க. ரொம்ப நன்றிம்மா."

அவர் முட்டிபோட்டுக் கழுவியதெல்லாம் அவர்களுடைய ஒழுக்கமாக மாறிப்போனது. உறையை மறுபடி வாங்கி உள்ளே கையை விட்டுத் துழாவியிருக்கிறார். வெறும் உறை. மீதி கடையில் இருக்கிறது என்று சொன்னதற்கு, சரி, திங்கட்கிழமை வரை பார்க்கலாம், வரும்போது மன்னிப்புக் கடிதத்தையும் எழுதிக் கொண்டுவந்துவிடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் கடை திறந்ததும் வாசலில் நின்றார். கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அண்ணே, பாதிப் படம் இல்லையே."

"நல்லதை மட்டும்தாம்மா போட்டேன். மத்ததெல்லாம் வந்து... பார்க்கவே முடியல. வேஸ்ட்டுன்னு சைபர் போட்டுட்டேன்."

"அதுதானேண்ணே படமே."

அப்புறம்தான் விசாரணை, மன்னிப்புக் கடிதம், திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். இருபத்தேழு வருஷம் எத்தனை பேரிடம் இப்படி விளையாடியிருக்கிறேனோ என்று ஒரு நொடி தோன்றியது, உடனே அதைத் தள்ளிவிட்டேன்.

"பிலிம் இருந்தா மறுபடி போட்டுடலாம்ல?"

"இருக்கும்மா." பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினேன். "குப்பையில."

எங்கள் டிரம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் முதலாளியும் கவுண்ட்டர் பெண்ணும் சேர்ந்து நிரப்பும் டிரம். பிலிம் வால், கெமிக்கலில் நனைந்த பேப்பர், டீ கப், மதியம் மிஞ்சிய சோறு, முதலாளி துப்பும் சளி, எல்லாம் ஒன்றாக. வாரம் ஒரு முறைதான் வண்டி வரும். அது திங்கட்கிழமை. மூடியைத் திறந்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நான் பின்வாங்கினேன். புளித்துப்போன கெமிக்கலும் ஊசிப்போன சோறும் கலந்த நாற்றம் கண்ணை எரித்தது.

"நீங்க தள்ளி நில்லுங்கண்ணே, சட்டை அழுக்காயிடும்" என்றார் அவர். பையிலிருந்து ரப்பர் உறை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி மாட்டினார். டிரம்மைக் கவிழ்க்கவில்லை. மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்து, ஈரத்தை ஒரு பக்கம், காய்ந்ததை ஒரு பக்கம் என்று பேப்பர் விரித்து வைத்தார். நான் இருபது வருஷமாகப் பார்க்கும் டிரம்மின் அடியில் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்க குப்பை பரவாயில்லண்ணே" என்று சிரித்தார். "எங்க மாடிக்கு இது எவ்வளவோ மேல்."

ஐந்து நிமிஷத்தில், ஆறாறு படமாக வெட்டியிருந்த ஆறு துண்டு பிலிமும் கிடைத்துவிட்டன. நான்கு துண்டு டீச் சக்கையோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. இழுத்திருந்தால் உரிந்து போயிருக்கும். நான்தான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் கீறல் விழுந்திருந்தது.

"கை கழுவணும். பாத்ரூம் எங்கண்ணே?"

பின்னால் காட்டினேன். "அக்கா, அது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், பார்த்துப் போங்க" என்றாள் கவுண்ட்டர் பெண். அவள் அதை உபயோகிப்பதே இல்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

உள்ளே போனவர் போனவர்தான். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். பிலிம் காய்ந்துவிட்டது, நான் மெஷினைச் சூடாக்கிவிட்டேன், இன்னும் வரவில்லை. தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் கொசு பறக்கிற மாதிரி கிய்ய்ங் என்று மெல்லிய சத்தம், எக்ஸாஸ்ட் மின்விசிறி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். முதலாளி வேறு "யாரய்யா உள்ளே, தண்ணி எல்லாம் தீர்ந்துடும்" என்று முணுமுணுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. தவறு என்னுடையது என்பதால் அடக்கிக்கொண்டேன். அந்த அம்மா முட்டி வரை நனைந்து வெளியே வந்து மெஷின் பக்கத்தில் நின்றார்.

முப்பத்தாறையும் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு "அடச்சீ" என்று காறிக்கொண்டு போனார். "இந்தப் படத்தைவிட இந்த நாடாதான் முக்கியம்" என்று அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "எந்த இடமோன்னு சொல்லுவாங்க. ஜன்னல் வெளிச்சத்துல இதைத் தூக்கிப் புடிங்க. அழுக்கு, சுத்தம், அழுக்கு, சுத்தம்னு ஒரே நாடாவுல வரிசையா இருக்கு. யாராலயும் மாத்தி ஒட்ட முடியாது." அந்த டப்பா கேமராவைப் பற்றி வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். பொய் சொல்லக்கூடத் தெரியாத அளவுக்கு அது மட்டம்.

சொன்னது போலவே நடந்தது. திங்கட்கிழமை பதினெட்டு அசிங்கத்தையும் மேசைமேல் பரப்பியதும் பெண் அதிகாரி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். மேனேஜர், "இது எங்க மாடியே இல்ல, ஏதோ பஸ் ஸ்டாண்டு" என்றாராம். இவர் ஜன்னல் பக்கம் போய் நாடாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். போன வாரம் மேனேஜர் கையில் வைத்துச் சிரித்த சுத்தமான படமும், அதற்கு முந்தின படமும் ஒட்டினாற்போல் இருந்தன. இரண்டிலும் அதே குழாய், அதே விரிசல் விட்ட ஓடு. மேனேஜர் அந்தப் படங்களைக் கவிழ்த்து வைத்தாராம். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வேலையைப் போய்ப் பாரும்மா" என்றானாம்.

வேலை போகவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. இரண்டாவது ஆள் போட்டார்களா? இல்லை. யாராவது ஒருத்தர் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை. அந்த நூற்றிருபது பேருக்கும் ஒரு சுற்றறிக்கை போனதா என்றால், போனது. மறுநாளே கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்தார்கள்: இங்கே படம் எடுப்பது தண்டனைக்குரியது. கேட்டில் வாட்ச்மேன் இப்போது சிரிப்பதில்லை, பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்க்கிறான். இதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்த வார்த்தையை அவர் எதிரில் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு அசிங்கம் பண்றதுல வெக்கமில்ல, படத்துலதான் வெக்கம்" என்றார்.

கேமராவை என் மேசைமேல் வைத்தார். "இனி உள்ள விட மாட்டாங்க. புதுசா ஒரு ரோல் போட்டிருந்தேன், ஆறு படம்தான் எடுத்திருக்கேன். மிச்சத்தை எடுக்க எனக்குப் பொழுதில்ல. அப்படியே கழுவிக் குடுத்துடுங்க." வாசல்வரை போனவர் திரும்பி, "எல்லாத்தையும் போடுங்கண்ணே. சைபர் போடாதீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆறு படத்துக்காக ஒரு ரோலைக் கழுவ மெஷின் ஓட்ட முடியாது, மற்ற ரோல்கள் சேரட்டும் என்று அடுத்த புதன்கிழமைவரை வைத்திருந்தேன். கழுவி, மெஷினில் விட்டேன். முதல் நான்கும் முதல் விசாரணை நடந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எடுத்தவை போலிருக்கிறது. மகளின் படம் ஆடியிருந்தது. வீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேத்திக்குத் தலை இல்லை. நான்காவதில் ஒரு விரல், அதற்குப் பின்னால் யாரோ. பழைய ஆபரேட்டராக இருந்தால் நான்குக்கும் சைபர்தான். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்று அழுத்தினேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஐந்தாவது வந்தது. சுவரெல்லாம் பாசி, கறுத்துப்போன கழிப்பறைக் கோப்பை, விளிம்பில் திட்டுத் திட்டாகக் காய்ந்தது, தரை முழுக்க பிசுபிசுப்பு, மூலையில் மலைபோல் சிகரெட் துண்டு. மனுஷ ஜென்மங்களா இவர்கள், இதில் எப்படி உட்காருகிறார்கள், பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம் என்று மூணாவது மாடியை வாய்விட்டுத் திட்டினேன். பிறகு மூலையில் இருந்த வாளியைப் பார்த்தேன். அது வாளி இல்லை. பிலிம் கழுவும் கெமிக்கல் வந்த வெள்ளைக் கேன், மேல்பாதியை வெட்டி எடுத்தது. வெட்டியவன் நான். அந்த சிகரெட் துண்டிலும் பாதி என்னுடையது.

ஆறாவது அதே இடம். ஓட்டுக்கு வெள்ளை நிறம் இருந்தது. கோப்பை விளிம்பில் ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னியது. கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

எழுந்து பின்னால் போய்க் கதவைத் திறந்தேன். அந்தச் சனிக்கிழமையிலிருந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. திரையில் நிற்கிற ஐந்தாவது படம் அப்படியே என் எதிரில் இருந்தது.

திரும்பி வந்து கவுண்ட்டர் பெண்ணிடம் கேட்டேன். "நம்ம பாத்ரூம் போன வாரம் சுத்தமா இருந்ததே, பார்த்தியா?"

"நான் அந்தப் பக்கமே போறதில்ல சார்."

முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "எப்பய்யா சுத்தமா இருந்துச்சு? அது எப்பவும் அப்படித்தானே."

நானும் அந்தப் பதினோரு நாளும் தினம் நான்கு முறை உள்ளே போய் வந்தவன்தான். ஒருநாள்கூட என் கண்ணில் படவில்லை. அன்றைக்கு ஒரு வாடிக்கையாளர் கால் மணி நேரம் உள்ளே இருந்தார் என்று எரிச்சல்பட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

மெஷினில் ஐந்தாவது படம் இன்னும் காத்துக்கொண்டிருந்தது. "என்னய்யா அந்தக் கண்றாவி, தள்ளிவிட்டுட்டு அடுத்ததைப் போடு" என்றார் முதலாளி. நான் நான்கு என்று அழுத்தினேன். அந்த அம்மாவுக்கு ஒன்று, எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று.